எண்ணாமல் விட்ட சுற்றுகள்

ஊசிமேட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்ப்பார்கள், எங்கோ ஒரு தும்பி விடாமல் பறக்கிற மாதிரி சத்தம் கேட்கிறதே என்று. ஊர்க்காரர்கள் அப்படிப் பார்ப்பதை விட்டு வெகுநாள் ஆகிவிட்டது, மழை வருமா என்று மேகத்தைப் பார்க்கிறபோது மட்டும் போகிற போக்கில் அதையும் பார்த்துக்கொள்வார்கள். பனைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு முழம் சிறகை விரித்துக்கொண்டு, சிவப்புக் காகிதம் ஒட்டிய பொம்மை விமானம் ஒன்று ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். ரப்பரை முறுக்கிவிட்டால் பறக்கிற சாதி. ஒரு தடவை முறுக்கினால் ஒரு நிமிஷம், காற்று தோதாக இருந்தால் இரண்டு நிமிஷம், அதற்குள் தரைக்கு வந்துவிட வேண்டியது. அது மேலே ஏறிய வருஷத்தில் பிறந்த கன்றுக்குட்டி இப்போது இரண்டு ஈற்று ஈன்றுவிட்டது.

அதைப் பறக்கவிட்டவன் தவசி. குருவம்மாளுக்கு ஒரே மகன், உலகம்மாளுக்கு அத்தை மகன், பூ வைத்துப் பேசி முடித்த மாப்பிள்ளை. ஊருக்குக் கிழக்கே, சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ரன்வே ஒன்று உண்டு. அவன் விமானம் எதுவும் அங்கே இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஆனால் சிமெண்டு மட்டும் வெடிக்காமல் கிடந்ததால் ஊசிமேட்டின் மிளகாய் வத்தல் முழுக்க அதில்தான் காய்ந்தது. பெங்களூரிலிருந்து பார்சலில் வரவழைத்த குச்சிகளையும் காகிதத்தையும் தவசியும் உலகம்மாளும் ஒரு கோடை முழுவதும் உட்கார்ந்து ஒட்டி அந்த விமானத்தைச் செய்தார்கள். உடம்பு ஒற்றைக் குச்சி, குச்சிக்கு அடியில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ரப்பர் நாடா, மூக்கில் ஒரு பிளாஸ்டிக் விசிறி. அவ்வளவுதான் விமானம்.

முறுக்கியது உலகம்மாள். பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டுகிற பால்வண்ணன் அண்ணாச்சி கடையில் பள்ளிக்கூட லீவு நாட்களிலிருந்தே அவள் கைவேலை பார்த்தவள். சுற்றுகிற வேலை அவள் கைக்குப் படிந்திருந்தது. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. காயில் சுற்றுகிற ஆளிடம் யாரும் பேசக்கூடாது. மோட்டாரைத் தோளில் தூக்கி வந்த சம்சாரி, தண்ணீர் இல்லாமல் பயிர் கருகுது என்று பதறி வந்திருந்தாலும் வாசலிலேயே நிற்பார், சுற்றுகிற கைப்பிடி நின்ற பிறகுதான் வாயைத் திறப்பார். சுற்றின் கணக்கு விட்டுப்போனால் மோட்டார் எரிந்துபோகும். தவசிக்கும் அது தெரியும். ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் ரன்வேயில் அவன் விமானத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் விளக்கெண்ணெய் தடவிய ரப்பரைக் கடையிலிருந்து கொண்டுவந்த கை டிரில்லின் கொக்கியில் மாட்டி, பின்னால் இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவன் சொன்னான்: "நாளைக்குக் காலையில ரயிலு, உலகு. கப்பல்ல வேல கெடச்சிருக்கு. எப்ப வருவேன்னு இப்பச் சொல்ல முடியாது."

சுற்றுகிறபோது பேசி அவளுக்குப் பழக்கமில்லை, கையும் நிற்கவில்லை. ரப்பரில் முதல் வரிசை முடிச்சு விழுந்தது, அதன் மேல் இரண்டாம் வரிசை விழுந்தது, அதற்கு மேல் ரப்பர் தாங்காது என்று பெட்டியோடு வந்த தாளில் போட்டிருந்தது. அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள், அவனோடு கல்லூரிப் பஸ்ஸுக்குக் காத்து நின்றதையும், குடும்பத்தில் முதல் ஆளாக அவள் பட்டம் வாங்கிய அன்று அவன் மட்டும் அந்தத் தாளைத் தடவிப் பார்த்ததையும், எப்ப வருவே என்று கேட்க வாய் வராததையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள், எத்தனை சுற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அறுந்துரும், போதும், என்று தவசி சொன்ன பிறகுதான் நிறுத்தினாள். அவன் வால் கொக்கியில் ரப்பரை மாட்டி, விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வத்தல் அள்ளிக்கொண்டிருந்த பெண்களுக்கு முன்னால் ரன்வேயில் ஓடி, கையை விட்டான். ஊர் பார்த்தது அதைத்தான்.

பொழுது அடைந்தும் அது இறங்கவில்லை. மறுநாள் தவசி ரயில் ஏறியபோதும் சுற்றிக்கொண்டிருந்தது.

முதல் வாரம் ஊரே ரன்வேயில் கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து உயரம் என்ன இருக்கும் என்று விசாரித்து, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மோர் குடித்துவிட்டுப் போனார். டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள். படத்தில் அது காக்கா மாதிரித் தெரிந்ததால் போடவில்லை. காக்காய்கள் சில நாள் அதை விரட்டிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசி முடித்தாற்போல வழி விட்டன. பிறகு ஊரும் வழி விட்டது. செல்போன் டவர் வைக்க வந்தவர்களிடம் அது போகிற தடத்தைக் காட்டி டவரை மேற்கே தள்ளிப் போடச் சொன்னார்கள், அவர்களும் போட்டார்கள். பங்குனிப் பொங்கலுக்குச் சப்பரம் வருகிறபோது தெரு முக்கில் நிறுத்தி, அது தலைக்கு மேல் கடந்து போன பிறகு சப்பரத்தைத் தூக்கினார்கள். ரன்வேயில் பட்டம் விடக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்தார்கள். பிரசவத்துக்குப் போகிற பெண்ணை ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன்னால் அது ஒரு சுற்று வருகிறவரை வாசலில் நிறுத்தினார்கள். வலி பொறுக்க முடியாத பெண்கள், அது சீக்கிரம் வரமாட்டேங்குதே என்று அதையும் சேர்த்து வைதார்கள். ஐப்பசி மழையில் காகிதம் ஊறிப் பிய்ந்துவிடும் என்று ஊரே பயந்தது; மழை விட்டதும் அது கொஞ்சம் வெளுத்து, ஈரம் சொட்டச் சொட்ட, சலவைத் துணி மாதிரி வந்தது. அதற்கப்புறம் யாரும் பயப்படவில்லை.

குருவம்மாள் காலையில் வத்தலை விரிக்கிறபோது இடுப்பில் கை வைத்து அண்ணாந்து, சாப்ட்டியாலே, என்று கேட்பாள். வெயில் ஏறினால், இந்த வெயில்ல எங்கலே சுத்துத, நிழலுக்குப் போ, என்பாள். தவசி முதலில் வாரம் ஒருதரம் போன் பேசினான், பிறகு மாதம் ஒருதரம், பிறகு தீபாவளிக்கு, பிறகு பணம் மட்டும் வந்தது. குருவம்மாள் கவலைப்படவில்லை. "போன்ல பேசுறவனெல்லாம் பொய்தான் பேசுதான். எம் பிள்ள பேசாம தலைக்கு மேலயே நிக்கான்" என்பாள்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. தவசிக்கு உலகம்மாள் மேல் எவ்வளவு பிரியம் இருந்தால் அவன் விட்டது இப்படி நிற்கும் என்று பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவில் உலகம்மாள் நடந்து போனாள், வந்தாள், அண்ணாச்சி கடையில் காயில் சுற்றினாள். அவளிடம் பேசுகிற யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் அவள் தலைக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவளிடம் என்ன விலை, எப்ப ரெடியாகும் என்று கேட்பார்கள். அவளுடைய அம்மா கூட அப்படித்தான், சோறு போடுகிறபோது சன்னல் வழியாக ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குழம்பை ஊற்றுவாள். நாளெல்லாம் மனிதர்களுக்கு நடுவில் இருந்தும் ஒருத்தர் கண்ணிலும் விழாமல் இருப்பது எப்படி என்று உலகம்மாள் அந்த வருஷங்களில் கற்றுக்கொண்டாள்.

அப்படியிருக்கையில் ஓசூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் படித்த படிப்புக்கான வேலை. அவளுடைய அப்பா, லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், கடையில் நின்ற எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அத்தையிடம் சொல்லிவிட்டுப் போ என்று அம்மா சொன்னாள், போய்ச் சொன்னபோது குருவம்மாள் விபூதி பூசி, போய்ட்டு வா தாயி, அவன் வர்ற நேரத்துக்கு வந்துரு, என்றாள். ஆனால் பஸ் ரன்வேயைத் தாண்டியதும் கண்டக்டர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, யாருக்கோ துணைக்கு வருது பாருங்க, என்றார். விமானம் பஸ்ஸுக்கு மேலே வந்துகொண்டிருந்தது. ஊரை விட்டு வந்ததே இல்லாத அது ஒரு பக்கம் சாய்ந்து, பனை உயரத்திலிருந்து புளியமர உயரத்துக்கும், அங்கிருந்து கருவேல மர உயரத்துக்கும் இறங்கி, முள்ளில் சிறகு உரசுகிற மாதிரி வந்தது. பின்னால் பைக்குகள் வந்தன. முதல் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த குருவம்மாள் இறங்கி, தலைமுடி அவிழ, பஸ்ஸை மறித்து நின்றாள்.

"அது விழுந்தா எம் பிள்ள விழுந்த மாதிரி" என்றாள் சன்னலுக்குக் கீழே நின்று. "எறங்கிரு தாயி."

பஸ் முழுக்க அவள் தலைக்கு மேலே பார்த்தது. உலகம்மாள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் ஊரைப் பார்த்து நடக்க நடக்க விமானம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. டிரைவர் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்து, ஒருதரம் ஹாரன் அடித்துவிட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலையில் சேர வேண்டிய தேதி வந்தது, போனது. மாப்பிள்ளை அங்கே இருந்துகொண்டே பெண்ணை விடமாட்டேங்கிறானே என்று ஊர் பூரித்தது. உலகம்மாளுக்கு மட்டும் உள்ளே ஒரு முள் நெருடியது. அவன் விட்டான், சரி. ஆனால் அதில் இருக்கிற சுற்றெல்லாம் யாருடையது? அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் பிரியத்தை ரப்பரில் ஏற்றலாம் என்று இல்லை, அவனுடையதையும் ஏற்ற முடியாது, அவளுடையதையும் ஏற்ற முடியாது. பரீட்சையில் எழுத முடியாத ஒன்றை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

பதில் கடையில்தான் கிடைத்தது. ஒரு நாள் உச்சிவெயிலில், எரிந்துபோன மோட்டார் ஒன்றின் காயிலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரிக்கிறபோது கைப்பிடியைச் சுற்றியதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும். கை டிரில்லில் கம்பி நுனியைக் கட்டித் திருப்பிக்கொண்டே வாசலைப் பார்த்தவள், வேப்பமரத்துக்கு மேலே வந்த விமானம் ஒரு படி இறங்குகிற மாதிரி இறங்கியதைப் பார்த்தாள். கையை நிறுத்தினாள், அது நின்ற உயரத்தில் போயிற்று. இரண்டு சுற்று முன்பக்கமாகச் சுற்றினாள், ஏறியது. எதிர்ப்பக்கமாக நாலு சுற்றினாள். வேப்ப மரத்தின் உச்சிக் கொப்பு ஆடுகிற அளவுக்கு வந்துவிட்டது. அதே டிரில், அன்றைக்கு ரன்வேக்குக் கொண்டு போனது.

கைய நிப்பாட்டிட்டயே என்று அண்ணாச்சி கேட்டார். ஒண்ணுமில்ல அண்ணாச்சி, என்றாள்.

ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் இறக்கிவிடலாம். இறக்கிவிட்டால் போகலாம். ஆனால் காலையில் வத்தல் விரிக்கிற பெண்ணொருத்தி அண்ணாந்து, சாப்ட்டியாலே, என்று கேட்கிறபோது அங்கே வெறும் வானம் இருந்தால் என்ன செய்வாள்? உலகம்மாள் இதையே பல நாள் யோசித்தாள். பிறகு போனில் தேடி, பறக்காமல் போன ஒரு ரிமோட் பொம்மையை யாரோ குறைந்த விலைக்கு விற்றதை வரவழைத்து, அதைப் பிரித்தாள். மூக்கில் வைக்கச் சுண்டுவிரல் நகம் அளவு மோட்டார், ரிமோட்டின் பேச்சைக் கேட்கிற ஒரு சிறு பலகை, அதோடு சேர்ந்து வாலைத் திருப்புகிற இரண்டு கைகள், வெற்றிலைக் காம்பு அளவு பேட்டரி. ரப்பர் இருந்த இடத்தில் இவை உட்கார்ந்தால், அதே விமானம், சொன்னால் ஏறும், சொன்னால் இறங்கும்.

எடைதான் சிக்கல். அந்தக் காகிதச் சிறகு எவ்வளவு தூக்கும் என்றால், அந்த ரப்பர் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் தூக்கும், அதற்கு மேல் ஒரு குன்றிமணி கூடினாலும் தரையை விட்டு எழும்பாது. பெட்டியில் மாற்றுக்கென்று வந்து மிச்சம் கிடந்த அதே அளவு ரப்பரையும், மோட்டாரையும், பலகையையும், பேட்டரியையும் ஒரு சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு நாகலிங்க ஆசாரி பட்டறைக்குப் போனாள். ஊரில் அவ்வளவு சன்னமாக நிறுக்கிற தராசு அவரிடம்தான் இருந்தது.

ஆசாரி முதலில் வழக்கப்படி அவள் தலைக்கு மேலே கூரையைப் பார்த்தார், கூரைக்கு மேலே சத்தம் கேட்டதும் தராசைத் தட்டித் துடைத்தார். அவள் பையிலிருந்து எடுத்து வைத்ததைப் பார்த்து, "தாலிக்கு எடை போட வந்திருக்கியோன்னுல்ல நெனச்சேன். இது என்ன பிள்ள, கறுப்பா?" என்றார்.

"மோட்டாரு."

"கல்லு நீக்கி நிறுக்கவா, கல்லோட சேத்தா?"

"சேத்தே நிறுங்க ஆசாரி. கூடுதலா இருந்தா ராவிக்கிடுதேன்."

கூடுதலாகத்தான் இருந்தது. அவள் பட்டறையிலேயே உட்கார்ந்து பலகையின் பிளாஸ்டிக் ஓரங்களை அரத்தால் ராவினாள், ஒயர்களைக் கத்தரித்தாள், பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த தாளை உரித்தாள், ஆசாரி ஒவ்வொரு தடவையும் நிறுத்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் எதிர்த்தட்டில் கிடந்த ரப்பருக்குச் சமமாகி முள் நடுவில் நின்றது. அதற்குள், உலகம்மாள் ஆசாரி கடையில் தாலிக்கு எடை போடுகிறாள், தவசி வரப் போகிறான் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் குருவம்மாள் வந்து உலகம்மாளின் கன்னத்தைத் தடவிவிட்டு, ஒரு சொளவு நிறைய முதல் தர வத்தலை வைத்துவிட்டுப் போனாள். அந்த வத்தலைப் பார்த்துக்கொண்டு உலகம்மாள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இனி தள்ளிப்போட்டால் பாவம் என்று தோன்றியது.

மறுநாள், வெயில் நன்றாக ஏறிய பிறகு, ரன்வே முழுக்கச் சிவப்பாக வத்தல் விரித்துக் கிடக்க, டிரில்லையும், சுருக்குப் பையையும், ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு போய் நடுவில் நின்றாள். கொக்கியில் ஒன்றுமில்லை. வெறும் காற்றில் கைப்பிடியை எதிர்ப்பக்கமாகத் திருப்பினாள். கொஞ்சம்தான் திருப்பியிருப்பாள், காத்திருந்தது போல அது வட்டத்தைச் சுருக்கி, வத்தலுக்கு மேலே நிழல் ஓட, தாழ்ந்து தாழ்ந்து வந்து, அவள் நீட்டிய கையில் உட்கார்ந்தது. விசிறி நின்றது. ஊரில் அந்தச் சத்தம் நின்றது. ஆடு மேய்த்தவர்கள், களை எடுத்தவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில், தங்கள் காதுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, காதைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

குருவம்மாள்தான் முதலில் வந்தாள். வத்தலை மிதித்துக்கொண்டு வந்தாள், வாழ்நாளில் வத்தலை மிதிக்காதவள்.

"என்னட்டி செஞ்ச?" என்றாள்.

உலகம்மாள் கையிலிருந்த விமானத்தை நீட்டினாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. ரப்பர் இன்னும் முடிச்சு முடிச்சாக, பாம்பு சுருண்ட மாதிரி, முறுக்கோடுதான் இருந்தது. திரும்ப மேலே விடு என்றார்கள்; ஒருவர் வாங்கி வீசினார், விசிறி அசையாமல் அது மூக்குக் குத்தி விழுந்தது. குருவம்மாள் விசிறியைத் திருப்பிப் பார்த்தாள், கல்லில் செய்தது மாதிரி நகராமல் நின்றது. முடுக்கினவன்தான் தொடணும், அவனைக் கூப்பிடு, என்று யாரோ சொல்ல, எல்லாருக்கும் அது சரி என்று பட்டது. குருவம்மாளின் போனை வாங்கி, சத்தத்தைக் கூட்டி வைத்து, தவசியைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் தடவைதான் எடுத்தான்.

"ஐயா, பிளேன் எறங்கிட்டுய்யா" என்றாள் குருவம்மாள்.

"எந்த பிளேனும்மா?"

"நீ விட்டதுலே. ரன்வேல."

அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது, கெட்ட சிரிப்பு இல்லை, பழைய பொருளைப் பெட்டிக்கடியில் பார்த்தவன் சிரிக்கிற சிரிப்பு. "அதுவா. அது இன்னுமா கெடக்கு? நான் சும்மா கையிலதானம்மா பிடிச்சிருந்தேன். முடுக்குனது பூராம் உலகுதான். அவளக் கேளு." அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டு, அப்பா, அப்பா, என்று கூப்பிட்டது. ஒரு பெண் குரல் ஏதோ பாஷையில் அதைச் சமாதானப்படுத்தியது. பொறவு பேசுதேன்மா, என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

போனைப் பிடித்திருந்தவர் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஊசிமேட்டு ஜனம் அத்தனையும் உலகம்மாளின் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குருவம்மாள் கீழே கிடந்த விமானத்தை எடுத்து, மூக்கில் ஒட்டிய தூசியை முந்தானையால் துடைத்து, அவள் கையில் வைத்தாள். "ஒன்னோடது போல" என்றாள். "நீயே கழட்டு."

உலகம்மாள் வத்தலுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரப்பரின் வால் நுனியை டிரில்லின் கொக்கியில் மாட்டி, எதிர்ப்பக்கமாகத் திருப்பத் தொடங்கினாள். அவள் கைக்கு மட்டும் ரப்பர் இசைந்து கொடுத்தது. அவள் திருப்பிக்கொண்டே இருந்தாள், பஸ்ஸை விட்டு இறங்கிய நாளைத் திருப்பினாள், தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு பேசிய ஒவ்வொருவரையும் திருப்பினாள், தீபாவளிக்கு வராத போனையும் அதற்கு முந்தின தீபாவளிக்கு வந்த போனையும் திருப்பினாள், ரயில் சத்தத்தையும், எப்ப வருவே என்று கேட்காமல் விழுங்கிய சொல்லையும் திருப்பினாள். வழக்கப்படி யாரும் அவளிடம் பேசவில்லை. ரப்பர் மேல் வரிசை முடிச்சை விட்டது, அடுத்த வரிசையை விட்டது. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்து மாட்டைப் பார்க்கவும் பிள்ளையைப் பார்க்கவும் ஒவ்வொருவராகப் போனார்கள், வெயில் சாய்ந்தது, கடைசியில் குருவம்மாள் மட்டும் எதிரில் இருந்தாள். ரப்பர் ஒரு நனைந்த நூல் மாதிரித் தொங்கியது.

"இனி மேல போவாதா?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"போகும் அத்தை. வேற மாதிரி."

உலகம்மாள் பிளேடால் வாலின் பின்பகுதியைக் கீறி, மெல்லிய டேப்பால் கதவு மாதிரி ஆடும்படி ஒட்டினாள். மூக்கில் மோட்டாரைக் கட்டினாள், சிறகுக்கு அடியில் பலகையை வைத்து, அதன் கைகளிலிருந்து வாலுக்குத் தலைமுடி போன்ற கம்பி இழுத்தாள். ரப்பருடைய எடை முன்னும் பின்னும் சமமாகப் படுத்திருந்தது. இப்போது எல்லாம் ஓரிடத்தில் குவிந்துவிட்டதால் முதல் தடவை அது மூக்குக் குத்தி வத்தலில் விழுந்தது, பேட்டரியைப் பின்னால் தள்ளியதும் இரண்டாம் தடவை நெட்டுக்குத்தலாக ஏறிப் புரண்டு விழுந்தது. சிறகுக்கு அடியில் இரண்டு விரல் நுனியைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்து, அரிசி மணி அளவு நகர்த்தி, மறுபடி தூக்கிப் பார்த்து, நேராக நின்ற பிறகு விட்டாள். ஏறியது. இதுவும் சத்தம் போட்டது, ஆனால் வேறு சத்தம், கொசு மாதிரி மெலிந்த சத்தம். குருவம்மாள் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"கூப்பிட்டா வருமா?"

உலகம்மாள் ரிமோட்டின் குச்சியைக் காட்டினாள். "இத மெதுவாக் கீழ தள்ளுனா வந்துரும். நீங்க தள்ளாட்டியும், சார்ஜ் குறைஞ்சா தானா வந்துரும். வராம மட்டும் இருக்காது அத்தை."

குருவம்மாள் ரிமோட்டை வாங்கினாள். இடது பக்கக் குச்சி ஏறுவதற்கும் இறங்குவதற்கும், வலது பக்கம் திருப்புவதற்கு. மிளகாய்க் காரம் ஏறி வெடித்த அவளுடைய பெருவிரல்கள் சில நாளில் பழகிக்கொண்டன. ஆனால் அவள் அதைப் பறக்க விடுவதில்லை. ஏற்றுவாள், வேப்பமர உயரத்துக்குப் போவதற்குள் குச்சியைக் கீழே தள்ளுவாள். அது வந்து வத்தலில் இறங்கும். எடுத்துத் துடைப்பாள், மறுபடி ஏற்றுவாள், மறுபடி வரவைப்பாள். கொஞ்ச நேரம்தான் பறக்கட்டுமே சித்தி, நாங்களும் பாக்கோம்ல, என்று மற்ற பெண்கள் கேட்டால், "வரட்டும். மொதல்ல வரட்டும்" என்பாள்.

புதிதாக எழுதிப் போட்டதில் ஓசூரில் வேறொரு இடத்தில் உலகம்மாளுக்கு வேலை கிடைத்தது. போகிறபோது குருவம்மாள் விபூதி பூசினாள், வந்துரு என்று இந்தத் தடவை சொல்லவில்லை. பூ வைத்த அன்று போட்டுவிட்ட வெள்ளிக் கொலுசைத் திருப்பிக் கொடுக்க உலகம்மாள் குனிந்தபோது, கெடக்கட்டும், நடக்கயில சத்தம் வேணும்லா, என்றாள். கோயில்பட்டி பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. பையில் துணிமணிக்கு அடியில் அந்த ரப்பர் நாடா சுருட்டி வைத்திருந்தது, கையில் எடுத்தால் இருப்பதே தெரியாது. ரன்வேயைத் தாண்டியதும் அவள், பழக்கத்தில், தலையை வெளியே நீட்டி பஸ்ஸுக்கு மேலே பார்த்தாள். வானம்தான் இருந்தது. பஸ்ஸின் இரைச்சலுக்கு அடியில் வேறு சத்தம் இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள், இல்லை. எத்தனையோ வருஷமாகத் தன்னோடு இருந்த ஒன்று இல்லாத இடம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கண்டக்டர் வந்தார். புது ஆள். நேராக அவள் முகத்தைப் பார்த்து, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். சில்லறையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, வெகுதூரத்தில், சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்த வத்தலுக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி எழுந்தது, பனை உயரத்துக்குப் போகாமல், பாதியிலேயே திரும்பி, கூப்பிட்ட இடத்துக்கு இறங்கியது.